பதினான்கு சிவப்புத் துணிகள்

நர்ஸ் ருஃபினா சாம்பியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றல் உத்தரவில் காரணம் என்று ஒரே வரிதான் இருந்தது: 'இலக்கை எட்டாத ஊழியர்.' அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்திருக்க வேண்டும். ஆனால் அது அலுவலகப் பிரதி, கோப்பில் வைக்க வேண்டியது. பத்தொன்பது வருஷம் உதவி நர்ஸாகக் குப்பை கொட்டியவளுக்கு ஆத்திரத்தில்கூடக் கோப்பு ஞாபகம் வந்துவிடுகிறது. இந்தப் புத்தி என்ன செய்து தொலைத்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் தியோடோசியா. சக்யாபாட்டா என்ற மலையூரின் சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். இரண்டு அறை, ஒரு கட்டில், தடுப்பூசிக்கு ஒரு குளிர்பெட்டி, மழை வந்தால் ஒழுகும் தகரக் கூரை. கூஸ்கோ நகரத்திலிருந்து நர்ஸ்கள் வருவார்கள், ஒரு வருஷம் குளிரில் நடுங்குவார்கள், போய்விடுவார்கள். போகாமல் இருந்தவள் ருஃபினா ஒருத்திதான். நாலு வருஷம் இருந்தாள். அவளைத்தான் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவள் எங்கள் பக்கத்துப் பெண். கணவாய்க்கு அந்தப்புறம் சுமை தூக்கும் லாமா மேய்க்கிற வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவள். முதல் இரண்டும் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டன. என்ன நோய் என்று கேட்க அங்கே ஆளில்லை. பன்னிரண்டு வயதில் கூஸ்கோவில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அந்த வீட்டு அம்மாளுக்கு ருஃபினா என்ற பெயர் வாயில் நுழையவில்லையாம், மரியா என்று கூப்பிட்டாளாம். எட்டு வருஷம் மரியாவாக இருந்துகொண்டே பள்ளிக்கூடத்தை முடித்தாள், பிறகு நர்ஸ் படிப்பையும் முடித்தாள். இங்கே வேலைக்கு வந்த முதல் நாள் நான் செல்லமாக 'ருஃபி' என்றேன்.

"முழுசாச் சொல்லுங்கக்கா. அந்தப் பேரைத் திருப்பி வாங்க எனக்கு எட்டு வருஷம் ஆச்சு," என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

ஆள் குள்ளம். தோள் அகலம். மேட்டில் ஏறும்போது மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும், அவளுக்குப் பேச்சு வரும். என்னைப் போலவே கோபக்காரி. ஆனால் ஒரு வித்தியாசம். அவள் கோபம் மேலே இருப்பவர்கள் மீது போகும், என் கோபம் கீழே இருப்பவர்கள் மீது போகும். தாய்மார்களைத் திட்டுவதுதான் சுகாதாரக் கல்வி என்று நான் நினைத்திருந்தேன். "பெத்துப் போட்டா மட்டும் போதுமா, வளக்கத் தெரிய வேணாமா" என்று வாசலில் நின்று கத்தியிருக்கிறேன். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு சரி சரி என்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பழையபடிதான் செய்வார்கள்.

சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தோம். கடற்கரை ஊரில் அச்சடித்தது. ஒரு தட்டில் பெரிய மீன், பச்சைப் பூக்கோசு, ஈரல் துண்டு, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு தாய். வந்த வாரமே ருஃபினா அதன் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இந்த மீனை இங்க யாராச்சும் உயிரோட பாத்திருக்கீங்களா?" என்று காத்திருந்த பெண்களிடம் கேட்டாள். ஒருத்தி, "செத்ததைக்கூடப் பாத்ததில்ல" என்றாள். ருஃபினா போஸ்டரை உரித்துத் திருப்பி ஒட்டினாள். வெள்ளைப் பக்கத்தில் எங்கள் உருளைக்கிழங்கு, அவரை, ஆட்டு ரத்தம், கறிக்கு வளர்த்து அடுப்படியில் ஓடவிடுகிற கினிப்பன்றி எல்லாவற்றையும் கரித்துண்டால் வரைந்தாள். கினிப்பன்றியைப் பார்த்து எலி என்று எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் அதைப் பற்றிப் பேசினார்கள். மீனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீடுகளுக்குப் போனால் அவள் நோட்டைத் திறக்க மாட்டாள். வாசலில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரியோடு சேர்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். ஒரு சட்டி கிழங்கு முடியும்வரை ஆரோக்கியம் என்ற பேச்சே எடுக்க மாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளைக்குப் பத்து வீடு பார்க்க வேண்டும், இவள் மூன்று வீட்டில் தோல் சீவிக்கொண்டிருப்பாள்.

ஆனால் உரித்த இடத்தில்தான் உண்மை வந்தது. இரும்புச்சத்து மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று பாட்டில் பாட்டிலாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டுவார்கள், நான் நோட்டில் டிக் போடுவேன். ரத்த அளவு மட்டும் ஏறவே ஏறாது. ஒரு நாள் ஒருத்தி கிழங்கு உரித்துக்கொண்டே, மருந்தை ஆட்டுக்குட்டிக்கு ஊற்றுவதாகச் சொன்னாள்.

"பிள்ளைக்குக் குடுத்தா வாந்தி எடுக்குது, பல்லு கறுத்துப் போகுது. ஆட்டுக்குட்டிக்குப் பல்லு கறுத்தா யாரு கல்யாணம் நிக்கப்போகுது, நர்ஸம்மா?"

நானாக இருந்தால் அங்கேயே ஆடியிருப்பேன். ருஃபினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, அந்தக் குட்டியைத் தூக்கிப் பார்த்து, "நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கு" என்றாள். பிறகு மருந்தைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் இடையில் கொடுப்பது, நாக்கின் பின்பக்கம் விடுவது, ஆரஞ்சுச் சாறு ஒரு வாய் தருவது, உடனே பல்லைத் துணியால் துடைப்பது எல்லாவற்றையும் செய்து காட்டினாள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்கு அளவு ஏறியது. பத்தொன்பது வருஷத்தில் நான் யாரிடமும் 'ஏன் கொடுக்கவில்லை' என்று பதில் வரும்படி கேட்டதே இல்லை.

சபினா என்று ஒருத்தி. சாலை திரும்பும் இடத்தில் தனி வீடு. புருஷன் காட்டுப் பக்கம் தங்கம் அரிக்கப் போனவன், வருஷத்துக்கு ஒரு முறை தலைகாட்டுவான். அவள் மகள் எல்பாவுக்குப் பதினொரு மாதம். மூன்று தடவை கூப்பிட்டும் அளவெடுக்க வராதவள் என்று நான் நோட்டில் 'ஒத்துழைக்காதவர்' என எழுதிவைத்திருந்தேன். ருஃபினா நாலு வாரம் அவள் வாசலில் கிழங்கு உரித்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ரத்தம் கம்மிங்கிறீங்க. கம்மியா இருக்கிற ரத்தத்தைக் குத்தி வேற எடுக்குறீங்க. இது என்ன நியாயம்?"

"ஒரு சொட்டுதான்."

"ஒரு சொட்டுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பிள்ளை கன்னத்தைப் பாருங்க, தக்காளி மாதிரி இருக்கு. இவளுக்கா ரத்தம் இல்ல?"

"கன்னம் குளிர்ல வெடிச்சுச் செவந்திருக்கு. அது கணக்குல வராது. இங்க பாரு." ருஃபினா தன் கீழிமையை இழுத்துக் காட்டினாள், உள்ளே சிவப்பு. எல்பாவின் இமையை மெல்ல இழுத்தாள். உரித்த கிழங்கு போல வெளுத்திருந்தது. சபினா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ருஃபினா முதலில் தன் விரலைக் குத்திக்கொண்டாள், அடுத்து சபினாவின் விரலை, கடைசியில் பிள்ளையின் விரலை. மெஷினில் பத்து புள்ளி ஒன்று வந்தது. எங்கள் உயரத்துக்கு அதில் மூன்றைக் கழிக்க வேண்டும். காற்று லேசாக இருக்கிற இடத்தில் உடம்புக்கு ரத்தம் அதிகம் தேவை, அதனால் இந்தக் கழித்தல். கழித்தால் ஏழு சொச்சம். பதினொன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. ஏழில் இருக்கிற பிள்ளை விளையாடும், சிரிக்கும். ஒரு சளி பிடித்து நெஞ்சில் இறங்கினால் எழுந்திருக்காமல் போகக்கூடும். ருஃபினாவோடு பிறந்த இரண்டு பேரும் அந்த வயதில் போனவர்கள்தான்.

மருந்து தொடங்கியது. ஒரு வாரம் கழித்துப் போனால், சபினா மருந்தை மலைப் பச்சிலை டீயில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள், கசப்பு தெரியக்கூடாதாம். "டீ அந்த இரும்பைப் புடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. நீ குடுத்ததெல்லாம் வீண்" என்றாள் ருஃபினா. சபினா கோபித்துக்கொள்ளவில்லை, டீயைத் தானே குடித்துவிட்டாள். அன்றிலிருந்து ஒழுங்காகக் கொடுத்தாள். தண்ணீராக இருந்த கஞ்சியைக் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கெட்டியாக்கினாள். மூன்று வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று.

அப்போதுதான் வந்தது அந்த உத்தரவு. மாகாண மேற்பார்வையாளர் டாக்டர் வெலார்தே அனுப்பியது. கடலோர ஊர்க்காரர், எங்கள் மாகாணத்துக்கு வந்து ஆறு மாதம். ரத்தசோகை உள்ள பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும், சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி, கழியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். ஊர் பார்த்தால் தாய்க்கு உறைக்கும், உறைத்தால் திருந்துவாள் என்பதைத் தடித்தடியான வார்த்தைகளில் எழுதியிருந்தார். எங்கள் ஊர்க் கணக்கு பதினான்கு வீடு.

எங்கள் பக்கம் வாசலில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே சிச்சா விற்கிறார்கள், வந்து உட்கார்ந்து குடிக்கலாம். இந்தச் சோளக்கள் இறக்கிய அன்று கட்டுவார்கள், பானை காலியானதும் அவிழ்ப்பார்கள். கண் தெரியாத கிழவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

ருஃபினா அந்த வாரம் பயிற்சிக்காகக் கூஸ்கோ போயிருந்தாள். நான் வெலார்தேவுக்குப் போன் போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன், போன் போட்டேன்.

"டாக்டரய்யா, செவப்புக்குப் பதிலா நீலமோ மஞ்சளோ கட்டலாமா?"

"எதுக்கு?"

"இல்ல, இங்க செவப்புன்னா…"

"செவப்புன்னா ஆபத்துன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்மா. சனிக்கிழமைக்குள்ள பதினாலு ஃபோட்டோவும் வந்தாகணும். உங்க நர்ஸ் ஏற்கெனவே பின்தங்கியிருக்காங்க, நீங்களும் சேந்துக்காதீங்க."

வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ருஃபினா வரும்வரை மூன்று நாள் இழுத்தடித்திருக்கலாம். நான் கடைக்குப் போய்ச் சிவப்புத் துணி வாங்கிப் பதினான்காகக் கிழித்தேன்.

சபினா வீட்டில் கட்டும்போது அவள் வெளியே வந்தாள். பிள்ளை முதுகில் இருந்தது.

"என்னக்கா இது? நான் சிச்சா காய்ச்சலையே."

"ஆர்டர்."

"என்ன ஆர்டர்? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"எல்பாவுக்கு நம்பர் ஏறினதும் அவுத்துரலாம். கொஞ்சம் தள்ளி நில்லு, ஃபோட்டோ எடுக்கணும்."

மறுநாள் ஞாயிறு, சந்தை நாள். பொழுது சாயும் நேரத்தில் சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள் வழியில் துணியைப் பார்த்து ஒவ்வொரு வீடாக நுழைந்தார்கள். மற்ற பதின்மூன்று வீடுகளிலும் ஆண்கள் இருந்தார்கள், விளக்கம் சொல்லி, கேலி பேசி, ஒன்றிரண்டு சண்டையோடு அனுப்பிவிட்டார்கள். சபினா வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரண்டு பேர் உள்ளே போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். இல்லை என்றாள், நம்பவில்லை. ஒருத்தன் பானைகளைத் திறந்து கை விட்டுப் பார்த்தான். துணி கட்டிவிட்டு ஆளை ஏய்க்கிறாயா என்று பிள்ளைக்கு வைத்திருந்த கஞ்சிச் சட்டியை உதைத்தான். இன்னொருத்தன், சிச்சா இல்லாவிட்டால் வேறு எதற்குத் துணி என்று கேட்டானாம். சபினா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கவணில் கல்லை மாட்டிச் சுழற்றியபடி அவர்களைச் சாலைவரை துரத்தியிருக்கிறாள். பக்கத்துக் காட்டுக்காரர் ஓடி வருவதற்குள் ஒருத்தன் மண்டை உடைந்திருந்தது. சரியாக உடையவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

திங்கள் விடிந்ததும் அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேலே மேய்ச்சல் குடிசைக்குப் போய்விட்டாள். பிள்ளையும் போயிற்று. மருந்துப் பாட்டில் ஜன்னலிலேயே இருந்தது.

செவ்வாய் மதியம் ருஃபினா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். "என்னக்கா, ஊருல இத்தனை வீட்ல சிச்சா? என்ன விசேஷம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் உத்தரவை நீட்டினேன். படித்தாள். முகம் மாறியது. நடந்ததையும் சொன்னேன்.

"இதை எழுதினவன் இங்க வந்து ஆறு மாசம். அவனை விடுங்க. கட்டினது யாரு?"

"ஆர்டர் வந்துச்சு, ருஃபினா."

"கட்டினது யாருன்னு கேட்டேன்."

"நான்தான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தேவலாமென்று இருந்திருக்கும். அவள் பையை வைத்துவிட்டு வெளியே போய்ப் பதினான்கு துணிகளையும் தானே அவிழ்த்துக்கொண்டு வந்தாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "வேணாம்" என்று ஒரு வார்த்தை. மறுநாள் காலை மருந்தை எடுத்துக்கொண்டு மேய்ச்சல் குடிசைக்குத் தனியாகப் போனாள். நாலு மணி நேரம் ஏற வேண்டும்.

அங்கே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். தூரத்தில் ஆளைக் கண்டதும் சபினா கவணை எடுத்துவிட்டாளாம்.

"குத்த வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடுங்க, நர்ஸம்மா."

"மெஷின் கொண்டு வரல. கிழங்கு இருக்கா?"

கிழங்கு இருந்தது. உட்கார்ந்து உரித்தார்கள். சபினா அன்று ஒரு ஆட்டை அறுத்திருந்தாள், ரத்தத்தை வெங்காயத்தோடு வதக்கினாள். பிள்ளைக்கு மட்டும் கிழங்குச் சாறு.

"அவளுக்கு ரத்தம் வைக்கலையா?"

"பேச்சு வராத பிள்ளைக்கு ரத்தம் குடுத்தா நாக்கு தடிச்சுப் போயிடும்."

"எங்கம்மா முதல் ரெண்டு பிள்ளைக்கும் குடுக்கல. எனக்குக் குடுத்தா. என் நாக்கு தடிச்சா இருக்கு?"

"தடிமன் இல்ல. நீளம்தான் கொஞ்சம் அதிகம்."

சிரித்துவிட்டார்களாம். சபினா ஒரு துண்டை மசித்து எல்பாவின் வாயில் வைத்தாள். அது துப்பியது. மறுபடி வைத்தாள், விழுங்கியது. உன் அம்மா உனக்கு நிஜமாகவே கொடுத்தாளா என்று நான் ருஃபினாவைக் கேட்டேன். "தெரியாதுக்கா. குடுத்திருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் மேலே போனாள். மழையிலும் போனாள். மெஷினை மட்டும் எடுத்துப் போகவில்லை, அது சபினாவுக்குக் கொடுத்த வாக்கு. நாலு மாதம் கழித்து நானே கீழே வந்து அளந்துகொள்கிறேன் என்று சபினா பதில் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் வெலார்தேவின் தாளில் வாக்குக்கு ஏது இடம்? அளவு இல்லை என்றால் தோல்வி. மற்ற பதின்மூன்று வீட்டுக்காரிகளும் துணியைப் பார்த்ததிலிருந்து எங்கள் பக்கமே திரும்பவில்லை. அவர் தாளில் எங்கள் நிலையத்துக்கு எதிரே முழுக்கப் பூஜ்யம்.

மூன்று மாதப் பூஜ்யத்தை விசாரிக்க வெலார்தே நேரிலேயே வந்தார். சந்தைக்கு வருகிற தாய்மார்களைப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தார். அவர் ஜீப்பை நிறுத்தி உள்ளே போனதும் ருஃபினா ஒரு நீளக் கழியைச் சுகாதார நிலைய வாசலில் நட்டாள். பதினான்கு துணிகளையும் அதில் ஒன்றாகக் கட்டினாள். காற்றில் படபடவென்று அடித்தன. அத்தனை துணி கட்டிய கடை எங்கள் மாகாணத்திலேயே இருந்திருக்காது.

அரை மணி நேரத்தில் முதல் ஆள் வந்தான். பின்னாலேயே நாலு பேர். வெலார்தே மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"பெரிய கிளாஸா ஒண்ணு ஊத்துங்க, ஐயா."

"என்னது? இது சுகாதார நிலையம்."

"பேரு என்ன வேணா வச்சுக்குங்க. நுரை நெறைய இருக்கணும்."

"ஐயா, இங்க அதெல்லாம் கெடையாது. வெளிய போங்க."

"வாசல்ல அத்தனை கட்டிட்டு இல்லைங்கிறீங்க? நல்லவங்களுக்கு மட்டும்தான் ஊத்துவீங்களோ?"

இன்னொருத்தன் பிள்ளைகளை எடை பார்க்கிற மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டான். மூன்றாவது ஆள் தடுப்பூசிப் பெட்டியைத் திறக்கப் போனான், நான் குறுக்கே பாய்ந்தேன். வெலார்தேவின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. ருஃபினா சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஊர் பாத்தா உறைக்கும்னு எழுதியிருந்தீங்களே டாக்டர். உறைக்குதா? நீங்க ஆம்பள, பட்டப்பகல், கூட நாங்க ரெண்டு பேர் இருக்கோம். சபினா தனியா இருந்தா. முதுகுல பிள்ளை இருந்துச்சு."

அவர்களை அனுப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசி ஆள் போனதும் வெலார்தே நாற்காலியில் உட்கார்ந்து, உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?"

ருஃபினா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. துணி கட்டும் உத்தரவை வெலார்தே சத்தமில்லாமல் வாபஸ் வாங்கினார். அவமானத்தை மட்டும் வாபஸ் வாங்கத் தெரியவில்லை. பதினைந்தாம் நாள் மாற்றல் காகிதம் வந்தது. ருஃபினாவைக் கணவாய்க்கு அந்தப்புறம், அவள் பிறந்த பக்கம் இருக்கிற நிலையத்துக்கு அனுப்பினார்கள். போகும்போது என் கையைப் பிடித்து, "சபினா வந்தா நல்லாப் பாத்துக்குங்கக்கா. திட்டிராதீங்க" என்றாள். திட்டுவேனாம். அந்த யோக்கியதை எனக்கு எங்கே மிச்சம் இருந்தது?

சபினா சொன்னபடி நாலாம் மாதம் வந்தாள். முந்தின வாரம்தான் மேய்ச்சல் குடிசையிலிருந்து தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். எல்பா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது.

"நர்ஸம்மா எங்க? ரெண்டு புதனா வரலையே."

"மாத்திட்டாங்க. கணவாய்க்கு அந்தப் பக்கம்."

வாசலிலேயே நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாக்கு கொடுத்தவள், உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் முதலில் என் விரலைக் குத்திக்கொண்டேன். பிறகு பிள்ளையின் விரல். அழுதது. மெஷினில் பதின்மூன்று புள்ளி நாலு. கழித்தால் பத்து புள்ளி நாலு. ஏழிலிருந்து பத்து புள்ளி நாலு. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது, அதற்காகவும் என் மேல் எரிச்சல் வந்தது.

"நல்லா ஏறியிருக்கு, சபினா. இன்னும் கொஞ்சம்தான். ரெண்டு மாசம் விடாம மருந்து குடுத்தா சரியாயிடும்."

"அவங்க தாள்ல?"

"தாள்ல இன்னும் ரத்தசோகைதான். பதினொண்ணைத் தாண்டணும்."

தலையாட்டினாள். மருந்துப் பாட்டிலை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். போர்வையை விரித்துப் பிள்ளையை முதுகில் ஏற்றினாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று நான் வாயைத் திறந்தேன்.

"அன்னைக்கு நடந்தது… அந்த ஆளு கடலோரத்துக்காரன் சபினா, அவனுக்கு இங்கத்து வழக்கம் எங்க தெரியும். ஆர்டர் போட்டுட்டான்."

அவள் போர்வை முடிச்சை இறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. அக்கா என்று சொல்லவில்லை.

"அவருக்குத் தெரியாது, சரி. கட்டும்போது உங்களுக்குத் தெரியும்ல?"

நான் தேதி அட்டையை எடுத்து, "அடுத்த மாசம் பதினஞ்சாந்தேதி வா, மருந்து எடுத்து வைக்கிறேன்" என்றேன்.

"இங்க வரல. நர்ஸம்மாகிட்டப் போய் வாங்கிக்கிறேன்."

"கணவாய் ஏறி எறங்கணும், ஆறு மணி நேரம். பிள்ளையைச் சுமந்துக்கிட்டா?"

"ஆமா."

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி விடியக்காலையில் அவள் கணவாய்ப் பாதையில் ஏறுவதைச் சுகாதார நிலைய வாசலில் நின்று பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து எல்பாவின் குல்லாய் மட்டும் தெரிந்தது. சபினா வீட்டிலிருந்து என் வாசலுக்கு நடந்தால் இருபது நிமிஷம்.